‘பயணப் பரிசு’ வேண்டாம்; கொடுப்பனவு, ஊக்குவிப்பு, பகிர்பயணம்

வணக்கம்.

வேலைக்குச் சைக்கிளில் வருபவர்களுக்கும் ஒரே காரில் சேர்ந்து வருபவர்களுக்கும் கிடைக்கும் தொகைக்கு, நாங்கள் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் அண்ணை முன்வைத்த ‘பயணப் பரிசு’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பரிசு என்றால் கொடுப்பவர் விரும்பினால் கொடுப்பது. பெல்ஜியத்தில் 2023 மே முதல் தனியார்துறை ஊழியர் சைக்கிளில் வந்தால் கிலோமீற்றர் கணக்கில் காசு கொடுத்தே ஆகவேண்டும். அது உரிமை. சோளகக் காற்று வீசும் நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்குத் திரும்பும் ஒருவரைப் பாருங்கள். காற்று முகத்தில் அடிக்க, சீற்றை விட்டு எழும்பி நின்று மிதிப்பார். அந்த உழைப்புக்குக் கொடுப்பதைப் பரிசு என்பது சரியா?

‘கொடுப்பனவு’ எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘சைக்கிள் கொடுப்பனவு’ என்றால் எந்த அலுவலகத்திலும் விளங்கும். சுற்றறிக்கை எழுதுபவர் ‘துவிச்சக்கரவண்டி’ என்றே எழுதட்டும்.

ஆனால் எல்லாம் காசாக வருவதில்லை. பிரித்தானியாவில் வேலை கொடுப்பவர் மூலம் சைக்கிளை எடுத்து, வரிக்கு முந்திய சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கலாம். சில இடங்களில் சேர்ந்து வரும் காருக்கு வாசலுக்குக் கிட்டத் தரிப்பிடம் ஒதுக்குகிறார்கள். இவை ‘சலுகை’. கொடுப்பனவு, சலுகை இரண்டையும் அடக்கப் ‘பயண ஊக்குவிப்பு’ போதும்.

அடுத்தது, ஒரே வாகனத்தில் சேர்ந்து வேலைக்குப் போவதற்கான சொல். ‘கூட்டுப்பயணம்’ என்றதும் கதிர்காமப் பாதயாத்திரைதான் நினைவுக்கு வருகிறது. ‘உடன்பயணம்’ பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கும் பொருந்திவிடும். இங்கே முக்கியம் வாகனத்தையும் செலவையும் பங்கிடுவது. 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்தபோது, இன்றைக்கு உன்னுடையது, நாளைக்கு என்னுடையது என்று மாறிமாறி ஏற்றிக்கொண்டு போனார்களே, அதுதான் ‘பகிர்பயணம்’. பிரான்சில் 2020இல் வந்த ஊக்குவிப்பு சைக்கிளையும் பகிர்பயணத்தையும் ஒரே திட்டத்துக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே ‘ஊக்குவிப்பு’, ‘பகிர்பயணம்’ என்ற இரண்டு சொற்களும் அருகருகே வரும்.

‘பகிர்பயணம்’ என்ற சொல்லின் விளக்கத்தில் ஒன்றை மறக்காமல் சேர்க்கவேண்டும்: ஓட்டுபவரும் அதே வழியில் தன் வேலைக்குப் போகிறவர், பெற்றோல் காசில் பங்கு வாங்கலாம், இலாபம் எடுக்கக்கூடாது. கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் மாதக்காசுக்கு வான் பேசிப் போவது இதில் அடங்காது. அங்கே சாரதிக்கு அது தொழில். அதற்குத் தனிச்சொல் வேண்டும், யாராவது தொடங்குங்கள்.