கார்புரேட்டரில் பனி: விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பழைய இரண்டு இருக்கை விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். இதுவரை பறந்தது 14 மணி நேரம்.

போன வாரம் வெளியே 12 டிகிரி, மழை விட்ட ஈரமான காலை. 2,000 அடியில் நேராகப் பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கையான ஆர்.பி.எம். 2,400இலிருந்து மெல்ல 2,250க்கு இறங்கியிருந்தது. எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நழுவிவிட்டதாக நினைத்து முன்னே தள்ளினேன். பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடுகிற கார்புரேட்டர் ஹீட் குமிழை முழுவதும் இழுத்தார். ஆர்.பி.எம். இன்னும் விழுந்தது, எஞ்சின் இருமியது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில நொடிகளில் தானாக ஏறி, குமிழை உள்ளே தள்ளியதும் 2,400ஐத் தாண்டியது.

பெட்ரோல் ஆவியாவதாலும் வென்சுரியில் (கார்புரேட்டருக்குள் காற்று போகும் குறுகலான பகுதி) அழுத்தம் குறைவதாலும் உள்ளே கடுமையாகக் குளிரும், 20 டிகிரி வெயிலிலும் பனி பிடிக்கும் என்று படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான்!

பயணத்தின் நடுவே எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஹீட் போட்டுப் பார்க்கிறீர்கள்? ஒருவர் 5 நொடி போதும் என்கிறார், இன்னொருவர் 15 நொடியாவது வேண்டும் என்கிறார். இறங்கும்போது பவரைக் குறைப்பதற்கு முன்பே போட்டுவிடுகிறேன். ஆனால் தரையிறங்காமல் மறுபடி மேலேறும்போது அதை அணைக்க இரண்டு முறை மறந்துவிட்டேன். அந்தப் பழக்கத்தைக் கைக்கு எப்படி ஏற்றினீர்கள்?

கார்புரேட்டரே இல்லாத செஸ்னா 172எஸ் ஓட்டுகிறவர்கள் சிரிக்க வேண்டாம். கார்புரேட்டர் உள்ள செஸ்னா 152 ஓட்டியவர்கள் கட்டாயம் எழுதுங்கள், சனிக்கிழமை மறுபடி பறக்கிறேன்.