கொழும்பில் பைக் ஓட்ட: ஹெல்மெட், ஜாக்கெட், ரெயின் கோட் எந்த நிறத்தில்?

கோவை புதுசு:
கோவையில இருந்து வேலைக்கு வந்து மூணு வாரம் ஆச்சுங்க. ரூம் வெள்ளவத்தை, ஆபீஸ் தெமட்டகொடை. லைசென்ஸ் வேலை முடிஞ்சுது, பைக்கும் பாத்தாச்சு. இனி ஹெல்மெட், ஜாக்கெட், ரெயின் கோட் எல்லாம் வாங்கணும். கறுப்புன்னா புகை அழுக்கு தெரியாதுன்னு ஒருத்தர் சொல்றார், பளபளா பச்சைதான் பாதுகாப்புன்னு இன்னொருத்தர். எதை எடுக்கட்டும்?

தெகிவளை ரைடர்:
வணக்கம் தம்பி. பகலுக்கு நல்ல நிறம் இரவில் ஒன்றுக்கும் உதவாது, அதனால் ஒரே நிறத்தைச் சொல்லிவிட முடியாது.

ஹெல்மெட்டில் மட்டும் யோசிக்காமல் வெள்ளையை எடுங்கள். கோல் ரோட் என்கிற காலி வீதியின் நெரிசலில் உங்கள் உடம்பை ஓட்டோ மறைக்கும், பைக்கை வான் வண்டி மறைக்கும். பின்னால் வருபவனுக்கு மிஞ்சித் தெரிவது தலைதான். நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் செய்த ஆய்வொன்று 2004இல் பிஎம்ஜே மருத்துவ சஞ்சிகையில் வந்தது. கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை போட்டவர்களுக்கு விபத்தில் காயப்படும் ஆபத்து 24 சதவீதம் குறைவு. ஒளிரும் துணியோ ஒளி திருப்பும் பட்டியோ அணிந்தவர்களுக்கு 37 சதவீதம், பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓடியவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. சாதாரண உடுப்பின் நிறத்துக்கும் பைக்கின் முன்பக்க நிறத்துக்கும் ஆபத்தோடு எந்தத் தொடர்பும் அதில் அகப்படவில்லை. மஞ்சள் டீ-ஷர்ட் போட்டிருக்கிறேனே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓடாதீர்கள்.

ஹெல்மெட்டில் எஸ்எல்எஸ் 517 என்ற இலங்கைத் தர முத்திரை அல்லது ஈசிஈ 22.06 என்ற சர்வதேசத் தர லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் ஏற்கெனவே கறுப்பு ஹெல்மெட் இருந்தால் ஸ்ப்ரே பெயின்ட் அடித்து வெள்ளையாக்க வேண்டாம். பெயின்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் மேலோட்டைப் பலவீனமாக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, அடிபடும் நாளில் வெடிக்கும்.

அடுத்தது அந்தப் பளபளா பச்சை. அது மஞ்சளும் பச்சையும் கலந்த ஃப்ளூரசென்ட் நிறம். வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. மனிதக் கண் பகலில் அதிகம் உணர்வது 555 நானோமீற்றர் அளவிலான ஒளியைத்தான்; இந்த நிறம் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மப்பான காலையில் எரிகிற மாதிரித் தெரிவதற்கும் அதுதான் காரணம். தெரு விளக்கில் புற ஊதா இல்லாததால் இரவு ஏழு மணிக்கு அது வெறும் வெளிறிய மஞ்சள் துணி. கொழும்பில் வருடம் முழுக்கப் பொழுது ஆறு மணியை ஒட்டியே சாயும், சாய்ந்தால் சட்டென்று இருட்டும். ஆபீஸ் முடிந்து நீங்கள் வீட்டுக்குத் திரும்புவது பெரும்பாலும் இருட்டில். அங்கே உங்களைக் காட்டப்போவது ஒளி திருப்பும் பட்டிதான்.

அந்தப் பட்டியில்தான் ஏமாற்று நிறைய. சாம்பல் நிறத் துணியை நறுக்கித் தைத்துவிட்டு ரிஃப்ளெக்டர் என்று விற்பார்கள். கடையிலேயே சோதிக்கலாம். ஃபோன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நல்ல பட்டி பல்ப் போட்டது போல் வெள்ளையாக எரியும். இப்போது டார்ச்சை மட்டும் கை நீட்டித் தள்ளிப் பிடியுங்கள், எரிந்தது அணைந்துவிடும். வந்த ஒளியை வந்த இடத்துக்கே திருப்புவதுதான் அதன் வேலை. அதனால்தான் கார் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருப்பவன் கண்ணில் அது எரிகிறது. டார்ச்சை எங்கே பிடித்தாலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வேர்க்‌ஷொப் அண்ணை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மழை வந்தால்? மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. பளபளா ஜாக்கெட்டுக்கு மேல் கடும் நீல ரெயின் கோட்டைப் போட்டால், ஆள் தெரிய வேண்டிய நேரத்திலேயே ஆளைக் காணோம். தோள் பையும் அப்படித்தான், முதுகுப் பட்டி முழுவதையும் மூடிவிடும். பின்னால் ஆள் ஏறினாலும் அதே கதை. அவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், அதையும் வெள்ளையாக எடுங்கள்.

ஆகவே பணத்தை வெளியே தெரிகிறதில் போடுங்கள். ஜாக்கெட் வெளிர் சாம்பல் மெஷ்ஷாக, அதாவது காற்றுப் போகும் வலைத் துணியாக, இருந்தால் போதும். இந்த வெக்கைக்குக் கறுப்பு லெதர் போட்டால் இரண்டாம் வாரம் அலுமாரிக்குள் போய்விடும். முழங்கை, தோள் பாதுகாப்புத் தகட்டில் ஈஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். அதற்கு மேல், ஹாட்வெயார் கடையில் கட்டட வேலைக்காரருக்கு விற்கும் சேஃப்டி வெஸ்ட். லேபிளில் ஈஎன் ஐஎஸ்ஓ 20471, வகுப்பு 2 என்று இருந்தால் 0.50 சதுர மீற்றர் ஒளிரும் துணியும் 0.13 சதுர மீற்றர் ஒளி திருப்பும் பட்டியும் அதில் இருக்கும். 50 மி.மீ. அகலப் பட்டி என்றால் 2.6 மீற்றர் நீளம். ரெயின் கோட்டுக்கு மேலும் போட வேண்டும் என்பதால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்குங்கள். பக்கவாட்டில் வெல்குரோ இருப்பதாகப் பாருங்கள். இல்லையென்றால் காற்றில் படபடவென்று அடித்து, பட்டி மடிந்து மறைந்துவிடும்.

தலைவழியாகப் போடும் தொளதொள ரெயின் கோட் வேண்டவே வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் தொங்கி டெயில் லைட்டையும் சிக்னலையும் மூடும், செயினிலோ சில்லிலோ மாட்டினால் ஆளையே இழுத்துப் போடும். மேல் வேறு, கால்சட்டை வேறாக இரண்டு துண்டு எடுங்கள். ரெயின் கோட்டின் பட்டி கண்ணாடி மணி பதித்த துணி வகையாக இருந்தால் நனைந்ததும் மங்கும், மேலே நீர்ப்படலம் படிந்துவிடுகிறது. தேன்கூடு போலக் கட்டம் தெரியும் பிளாஸ்டிக் பட்டியில் கட்டங்கள் உள்ளே மூடி ஒட்டப்பட்டிருப்பதால் அது மழையிலும் வேலை செய்யும்.

கோவை புதுசு:
ரொம்ப நன்றிங்க அண்ணா. வெஸ்ட்ல ஆரஞ்சும் இருக்கு, மஞ்சள்பச்சையும் இருக்கு. எது?

தெகிவளை ரைடர்:
பின்னணியைப் பொறுத்தது. பௌத்தாலோக மாவத்தை மாதிரி மரம் அடர்ந்த வீதியில் மஞ்சள்பச்சை இலைகளோடு கொஞ்சம் கலக்கும், ஆரஞ்சு பிரிந்து நிற்கும். நெரிசலான பேஸ்லைன் வீதியில் பின்னேரம் பார்த்தால் முழுக்கச் சிவப்பு பிரேக் லைட், அங்கே ஆரஞ்சு கரைந்துவிடும். உங்கள் ஓட்டம் அந்தப் பக்கம் என்பதால் நான் மஞ்சள்பச்சை என்பேன். சும்மா சிவப்பு வேண்டாம், வெளிச்சம் குறையக் குறைய அது கண்ணுக்குக் கறுப்பாகிவிடும்.

இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது: நகர வீதியில் வெள்ளையும் ஒளி திருப்பும் உடுப்பும் நன்றாகக் கண்ணில் பட்டன, வெறும் வானம் மட்டும் பின்னணியாக இருந்த வெளிவீதியில் கறுப்புதான் முந்தியது. கடலோர வீதியான மரைன் டிரைவில் இதைக் கவனியுங்கள். காலி வீதிப் பக்கமிருந்து ஒழுங்கை வழியாக இறங்கி வருபவனுக்கு பின்னேரம் ஐந்தரைக்குச் சூரியன் நேரே கண்ணில். நீங்கள் எந்த நிறம் போட்டாலும் வெறும் நிழல். ஹெட்லைட்டை லோ பீமில் போட்டுக்கொண்டு, அந்த ஒழுங்கை வாய்களில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கில் விரலை வைத்துக்கொள்வதுதான் வழி. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் புகுந்தாலும் வெஸ்ட் காப்பாற்றாது.

வேர்க்‌ஷொப் அண்ணை:
இன்னும் இரண்டு. கணுக்காலில் வெல்குரோ ரிஃப்ளெக்டர் பட்டை ஒன்று கட்டுங்கள். பிரேக் போடவும் சிக்னலில் நிற்கவும் கால் அசையும். அசையும் வெளிச்சத்தைப் பார்த்தால் ஆள் என்று மூளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நிற்கும் பட்டி தூணா, போர்டா என்று குழப்பும்.

வெஸ்ட்டைக் கழுவும்போது ப்ளீச்சும் வேண்டாம், துணி மெதுவாக்கும் திரவமும் வேண்டாம். அந்தத் திரவம் பட்டி மேல் படலமாகப் படிந்துவிடும். பட்டியில் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் காய்ந்தால் ஃப்ளூரசென்ட் சாயம் சீக்கிரம் சாகும். எத்தனை முறை கழுவலாம் என்று உள் லேபிளில் இருக்கும். டீசல் புகைக்கு அடிக்கடி கழுவ வேண்டி வரும், அதனால் இரண்டு வெஸ்ட் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கோவை புதுசு:
ஹெல்மெட் பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டலாமாண்ணா?

வேர்க்‌ஷொப் அண்ணை:
ஓம், ஒட்டலாம். 25 மி.மீ. அகலத்தில் வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப்பைச் சிறு சிறு துண்டாக வெட்டி ஒட்டுங்கள். நீளத் துண்டு வளைவில் சுருங்கி ஓரம் கிளம்பும். பிடரிப் பக்கம் நான்கு, காதுக்கு மேல் இரு பக்கமும் இரண்டிரண்டு. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள், தின்னரைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். சிவப்பு டேப் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள், திருப்பும் ஒளி வெள்ளையைவிட நன்றாகக் குறைவு.