டிஎக்ஸ்டி (.txt) ஃபைல் நோட்பேடில் திறக்க மாட்டேங்குது, யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 லேப்டாப். இலவச எடிட்டர் ஒன்றை அன்இன்ஸ்டால் செய்ததிலிருந்து என் குறிப்பு ஃபைல்கள் எல்லாம் வெறும் வெள்ளைக் காகித ஐகானாக நிற்கின்றன. டபுள் கிளிக் செய்தால் எதில் திறக்கட்டும் என்று கேட்கிறது. நோட்பேடைக் காட்டி 'எப்போதும்' கொடுத்தால் அந்த ஒரு தடவை திறக்கிறது, அடுத்த முறை மறுபடி அதே கேள்வி. எரிச்சலாக இருக்கிறது.

ஃபைல்களில் குறை இல்லை. நோட்பேடைத் திறந்து உள்ளே இழுத்துப் போட்டால் தமிழ் எழுத்துகள் உட்பட ஒழுங்காக வருகின்றன. ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்தும் பார்த்தேன், டிஎக்ஸ்டி இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸ் பகுதியிலும் நோட்பேட்தான் காட்டுகிறது. ரைட் கிளிக்கில் 'நியூ' மெனுவிலிருந்த டெக்ஸ்ட் டாக்குமெண்டும் காணோம், அதுவும் இதோடு சேர்ந்த கோளாறா?

விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்ற பகுதியின் கீழே யூசர்சாய்ஸ் என்ற கீ (எதில் திறப்பது என்ற நம் தேர்வைக் குறித்து வைக்கும் பதிவு) இருக்கிறது. அதோடு ஒரு ஹாஷும் (சரிபார்ப்புக் குறியீடு) இருப்பதால் மதிப்பைக் கையால் மாற்றினால் விண்டோஸ் ஏற்காது என்று தெரியும். பேக்கப் எடுத்துவிட்டு அந்தக் கீயை மொத்தமாக டிலீட் செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஃபார்மேட் பண்ணச் சொல்லாதீங்க, ப்ளீஸ்.