ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழுற பயிற்சி) பின்தொடை ஹாம்ஸ்ட்ரிங் நீளுதா, சுருங்குதா? செஞ்சு காட்ட வழி சொல்லுங்க

பர்சனல் டிரெய்னர் தேர்வுக்குப் படிக்கிறவங்க வழக்கமா சறுக்குற இடம் இது: ஸ்குவாட்டில் இறங்கும்போது முழங்கால் மடங்குது, அது ஃப்ளெக்ஷன் (மூட்டு மடங்குறது), அதனால ஹாம்ஸ்ட்ரிங்தான் முக்கிய தசைன்னு எழுதிடுறாங்க. ஆனா முழங்காலை மடக்குறது புவியீர்ப்பு. முன்தொடை குவாட்ரிசெப்ஸ் நீண்டுகிட்டே பிரேக் பிடிக்குது; இப்படி நீண்டுகிட்டே வேலை செய்றதுதான் எக்சென்ட்ரிக். பாதி உட்கார்ந்தபடி தொடையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னா இதுவரைக்கும் புரிஞ்சிடுது.

சிக்கல் அடுத்தது. ஹாம்ஸ்ட்ரிங்கில், அதுல ஒரு தசையான பைசெப்ஸ் ஃபெமோரிஸோட குட்டைத் தலை (ஷார்ட் ஹெட்) தவிர மத்ததெல்லாம் இடுப்பு, முழங்கால் ரெண்டையும் தாண்டுது. ஸ்குவாட்டில் இடுப்பு மடங்கி அதை நீட்டுது, முழங்கால் மடங்கித் தளர்த்துது. மொத்த நீளம் பெரிசா மாறாது. ரோமேனியன் டெட்லிஃப்டில் (எடையைப் பிடிச்சு இடுப்பிலிருந்து குனிஞ்சு நிமிர்ற பயிற்சி) முழங்கால் லேசாதான் மடங்கும், அதனால ஹாம்ஸ்ட்ரிங் நல்லா நீளும்.

எலும்புக்கூடு மாடல் இல்லாம, அட்டை, ரப்பர் பேண்டு வெச்சே இந்த வித்தியாசத்தைக் காட்டினவங்க இருக்கீங்களா? பேண்டை முழங்காலுக்குக் கீழே எவ்வளவு தள்ளிக் கட்டினீங்க?