புதுப்பிப்பு: எக்ஸாஸ்ட் சூடு விளக்கு, ஆள் சிக்கியது

போன வாரம் புலம்பியது நினைவிருக்கும்: 1990-களின் என் வி8 ஸ்போர்ட்ஸ் காரில், இருபது நிமிடம் ஓடியதும் வலப்பக்க கேட்டலிஸ்ட் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) சூடு எச்சரிக்கை விளக்கு எரியும், சில நாள் எரியவே எரியாது.

முதலில் பிளக், காயில் பார்த்தேன். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாதது) என்றால் எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டுக்குள் போய் எரியும். அது நிஜச் சூடு, விளையாட்டில்லை. அங்கே பழுதில்லை. இன்ஃப்ராரெட் மீட்டரிலும் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான்.

அப்புறம் கேட்டலிஸ்ட் சூட்டைக் கண்காணிக்கும் இடது, வலது கண்ட்ரோல் பெட்டிகளை மாற்றிப் பொருத்தினேன். விளக்கு இடப்பக்கம் தாவியது! அப்போ பழுது பெட்டியில்தான். கே வகை தெர்மோகப்பிள் (சூட்டைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் சென்சார்) 800 டிகிரியிலும் சுமார் 33 மில்லிவோல்ட்தான் தரும். அதைப் படிக்கும் பெட்டிக்குள் சாலிடர் விரிசல். திரும்ப சாலிடர் வைத்து 300 கி.மீ. ஓட்டிவிட்டேன், விளக்கு எரியவில்லை. புதுப் பெட்டியின் விலை கேட்டு மயங்கியது தனிக்கதை.