கதவைத் திற, தூணைப் பார்

குழு: பெரிய வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

செந்தில், 9:12
(நான்கு படங்கள்)
டெக்சாஸில் வேக்கோவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வாசலில் நிற்கிறேன். 1972 செவர்லே ஷையேன் பிக்கப், வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் என்கிறார் விற்கும் முதியவர். 18,000 டாலர் கேட்கிறார். பெரியப்பா, எப்படி?

கயல், 9:14
நிறுத்த இடம் எங்கே என்று இவரிடம் முதலில் கேளுங்கள் மாமா.

பிரபு, 9:15
அண்ணா, ஸ்டைல்சைடு! அழகு!

பெரியப்பா, 9:21
பிரபு, ஸ்டைல்சைடு ஃபோர்டு வைத்த பெயர். செவர்லேயில் அது ஃப்ளீட்சைடு, ஜிஎம்சியில் வைட்சைடு, டாட்ஜில் ஸ்வெப்ட்லைன். நான்கும் ஒரே சங்கதிதான்: சரக்குப் பெட்டியின் பக்கம் நேராக, வழவழப்பாக இருக்கும். சக்கரத்தின் மேல் மட்கார்டு புடைத்து, முன்னால் ஏறி நிற்கப் படி இருந்தால் செவர்லேயில் ஸ்டெப்சைடு, ஃபோர்டில் ஃப்ளேர்சைடு, ஜிஎம்சியில் ஃபெண்டர்சைடு, டாட்ஜில் யூட்டிலைன். உதிரிப்பாகக் கடையில் 26 வருடம் கவுண்டரில் நின்றவனிடம் ஸ்டைல்சைடு என்று சொல்லாதே.

அத்தை, 9:23
அண்ணா, ஒரு பெட்டிக்கு எட்டுப் பெயரா? நம் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குக்கூட இத்தனை செல்லப் பெயர் இல்லை.

பெரியப்பா, 9:24
செந்தில், ஒரு முன்சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணு.

செந்தில், 9:26
ஐந்து.

பெரியப்பா, 9:29
நல்லது. செவர்லேயின் அரை டன் பிக்கப்புக்கு சி10 என்று பெயர். இரண்டு சக்கர இயக்கமுள்ள சி10-இல் 1970 வரை ஆறு நட்டு. 1971-இல் முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தபோது ஐந்தாயிற்று. முன் கிரில்லும் முட்டை அட்டைபோல் கட்டம் கட்டமாக இருக்கிறது, அதுவும் 1971, 1972 முகம்தான். இனி அந்த இரண்டு ஆண்டுகளைப் பிரிக்க வேண்டும். உள்ளே உட்கார். பின்பார்வைக் கண்ணாடி எதில் தொங்குகிறது? முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா, கூரையில் திருகியிருக்கிறதா?

செந்தில், 9:31
கூரையில். இரண்டு ஸ்க்ரூ.

பெரியப்பா, 9:32
ம்.

கயல், 9:32
மாமா "ம்" என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பெரியப்பா, 9:36
1972-இல் அதைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். ஆனால் கூரையையும் கண்ணாடியையும் யாரும் மாற்றியிருக்கலாம், ஆகவே அதை வைத்து மட்டும் சண்டை போடாதே. ஓட்டுநர் கதவைத் திற. தூணில் வண்டியின் அடையாள எண் பொறித்து ரிவெட் அடித்த சிறு தகடு இருக்கும். துடைத்துவிட்டு அதில் முதல் ஆறு எழுத்தை அனுப்பு.

செந்தில், 9:41
எண்ணெய்ப் பிசுக்கு. எச்சில் தொட்டுத் துடைத்தேன். சி எஸ் 1 4 1 எஃப்.

அத்தை, 9:42
எச்சிலா? கைக்குட்டை எங்கே போயிற்று?

பெரியப்பா, 9:50
இதோ, வண்டியே வாய் திறந்துவிட்டது. முதல் "சி" இரண்டு சக்கர இயக்கம், நான்கு சக்கரமென்றால் "கே" இருக்கும். அடுத்து "எஸ்": தொழிற்சாலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்தது. வி8 என்றால் அங்கே "ஈ" இருந்திருக்கும். "1" அரை டன் சுமை வகை, "4" பிக்கப் பெட்டி. அதற்கடுத்த "1" தான் ஆண்டு, 1971. "எஃப்" மிச்சிகனில் உள்ள ஃப்ளின்ட் ஆலை. 1972-இல் எண்ணின் முன்னால் ஓர் எழுத்தைக் கூட்டினார்கள், செவர்லேக்கு "சி", ஜிஎம்சிக்கு "டி". உன் வண்டி நிஜமாகவே 1972 என்றால் "சி சி எஸ் 1 4 2" என்று தொடங்கியிருக்கும்.

செந்தில், 9:52
ஆனால் முன்மட்கார்டில் "ஷையேன்" என்று பளபளவென்று எழுதியிருக்கிறதே?

பெரியப்பா, 9:55
ஷையேன் என்பது வசதி கூடிய வகைக்குச் செவர்லே வைத்த பெயர். நானே அந்தப் பெயரைத் தினம் இரண்டு விற்றிருக்கிறேன். திருகிப் பொருத்தும் துண்டுதான். சுற்றியுள்ள பெயிண்ட் மங்கி, பெயர் மட்டும் மின்னினால் யோசி. கையுறைப் பெட்டியின் கதவைத் திற, உள்பக்கத்தில் தட்டச்சு அடித்த ஸ்டிக்கர் இருக்கும். ஆலையில் வண்டியோடு சேர்த்த கூடுதல் வசதிகள் அதில் வரிசையாக இருக்கும்.

செந்தில், 10:03
(படம்)
பாதி கிழிந்திருக்கிறது. பெயிண்ட், பின்பம்பர், ரேடியோ. ஷையேன் என்ற சொல்லே இல்லை.

அத்தை, 10:04
ஷையேன் ஊர்ப்பெயர்தானே? வயோமிங் தலைநகர். போன கோடையில் தாண்டிப் போனோம்.

பெரியப்பா, 10:06
ஊர்ப்பெயர்தான். இந்த வண்டி அந்தப் பக்கமே போகவில்லை என்பதுதான் சிக்கல். கிழிந்த பாதியில் இருந்திருக்கலாம் என்பார் முதியவர், சொல்லட்டும். ஆறு சிலிண்டர் "கஸ்டம்", அதாவது அடிப்படை வகை, என்று நினைத்து விலை பேசு. நல்ல வண்டிதான், பெயர்தான் பொய். மரியாதையாகக் கேள், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். தனக்கு விற்றவர் சொன்னதையே அவரும் சொல்லலாம்.

பிரபு, 10:07
அண்ணா, பேரம் பேச நான் வரட்டுமா?

கயல், 10:08
வேண்டாம். நீயும் ஒன்று வாங்கிவிடுவாய்.

செந்தில், 11:40
முதியவர் சிரித்துவிட்டார். மைத்துனர் வேறொரு வண்டியிலிருந்து இந்த 350 (கன அங்குல) வி8 இன்ஜினை எடுத்து வைத்தாராம். பெயர்த் துண்டும் அவர் பொருத்தியதுதானாம். 13,500-க்கு முடிந்தது.

கயல், 11:41
"முடிந்தது" என்கிறார். என்னிடம் கேட்கவில்லை.

செந்தில், 11:44
தண்ணீர் பம்பு கசிகிறது பெரியப்பா. கடையில் 1971 என்றுதானே கேட்க வேண்டும்?

பெரியப்பா, 11:47
வண்டிதான் 1971. இன்ஜின் எந்த ஆண்டு என்று யாருக்குத் தெரியும்? செவர்லே வி8-இல் குட்டைப் பம்பும் உண்டு, நீளப் பம்பும் உண்டு, மாற்றி வாங்கினால் பெல்ட் நேராக ஓடாது. கழற்றியதைக் கையோடு கொண்டு போ. அதற்கு முன் இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், ஓட்டுநர் பக்கமாகக் கையை விட்டுத் தடவு, வார்ப்பு எண் இருக்கும். படம் அனுப்பு.

அத்தை, 11:48
இந்த முறையாவது எச்சில் தொடாதே.