ட்ரெய்னிங்ல, ரேஸ்ல சந்திச்சது: இன்னும் மண்டைக்குள்ள ஓடுறத எழுதுங்க

வெள்ளவத்தைப் பெடியன்:

மலைநாட்டில நடக்கிற நாலு நாள் சைக்கிள் ரேஸுக்குப் பதிஞ்ச ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கிறியள். எத்தினை கிலோமீற்றர், எவ்வளவு ஏத்தம் எண்ட கதை வேண்டாம், அது ஸ்ராவாவில, அந்த ஓட்டம் பதியிற அப்பில, ஒவ்வொரு நாளும் பாக்கிறம்தானே. ஆரையாவது, எதையாவது சந்திச்சு அது இன்னும் மண்டைக்குள்ள நிண்டு கரைச்சல் தருதெண்டா எழுதுங்கோ. நான் தொடங்கிறன்.

2024 கடைசி. அப்புத்தளைக்கு மேல, தேயிலைத் தோட்டத்துக்குள்ளால இறங்கிற கல்லுப் பாதை, தெரியும்தானே, வளைஞ்சு வளைஞ்சு போகும். மற்றவங்கள் முன்னுக்குப் போயிட்டாங்கள். நான் பெடல் மிதிக்காம இறங்கிறன், பின் சில்லின்ட நடு ஹப் கிர்ர்ர் எண்டு கத்துது, என்ட ஹப் சத்தம் உங்களுக்குத் தெரியாததே. ஒரு வளைவு திரும்பினா மலையில ஒரு சனம் இல்லை. கூடையள் மட்டும் பாதையோரத்தில கவிண்டு கிடக்கு. என்னடா இது எண்டு பாத்தா செடிக்குக் கீழ சாக்கும் படங்குமாக் கிடக்கு, அதுக்குள்ள ஆக்கள், ஒரு அசைவு இல்லை. ஒரு படங்குக்குக் கீழால ஒரு கை மட்டும் வெளியில வந்து நில் எண்டு காட்டுது. விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை பிடிச்சுக் கறுத்துப் போய் இருக்கு. அப்பதான் மேலால போற சத்தம் கேட்டது. குளவி.

ஒரு கால் சப்பாத்து பெடலோட கொழுவின மாதிரியே நிண்டனான். காலைக் கழட்டினா டக் எண்டு கேக்கும், சில்லு உருண்டா ஹப் கத்தும். வேர்வை கண்ணுக்குள்ள போகுது, துடைக்கப் பயம். எவ்வளவு நேரமோ தெரியா.

பிறகு எல்லாரும் எழும்பிச்சினம். எனக்குக் கை காட்டின அக்கா கூடையை எடுத்துத் தலையில கொழுவிக்கொண்டு கேட்டா, "எங்கங்க போறீங்க இந்த சைக்கிள்ல?" ரேஸ் ஒண்டு இருக்கு அக்கா, அதுக்குப் பழகிறம் எண்டன். "எம்புட்டு குடுப்பாங்க?" இல்லை, நாங்கதான் காசு கட்டுறது எண்டன். "கட்டியா ஓட்டுறீங்க? எம்புட்டு?" தோட்டத்தில நாட்சம்பளம் 1,350 ரூபா ஆக்கியாச்சு எண்டு பேப்பரில வந்து கொஞ்ச நாள்தான். நான் தொகை சொல்லேல்ல. கொஞ்சம்தான் அக்கா எண்டன். "கொஞ்சம்தானாம்டி" எண்டு பக்கத்தில நிண்ட ஆளிட்டச் சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்புத்தான்.

தெஹிவள 32 பல்லு:

ஊர்ச் சைக்கிள் லுமாலாவுல வயசான அப்பா ஒருத்தர் நம்மள முந்திப் போற கதை எல்லாருக்கும் ஒண்டு ஈக்கும், எனக்கும் ஈக்கிது, ஆனா இது ஓவர்டேக் பண்ணின கதை இல்ல. கினிகத்தேன ஏத்தம். கித்துல்கல கடையில ரோல்ஸும் ப்ளேன்டீயும் அடிச்சிட்டு ஏறுறோம், எனக்கு வகுறு பாரம், கடைசி கியர்ல, முன்னுக்கு 32 பல்லு, பின்னுக்கு 50 பல்லு, ஊர்ந்துக்கிட்டு போறேன். ஒரு அப்பா பழைய லுமாலாவுல வெறகு கட்டி தள்ளிக்கிட்டு நடந்து வாறாரு. மச்சான், ரெண்டு பேரும் ஒரே ஸ்பீட். நான் மிதிக்கிறேன், அவரு நடக்குறாரு, பக்கத்துல பக்கத்துல போறோம், விட்டுட்டுப் போக எனக்கும் ஏலாது அவருக்கும் ஏலாது. கடைசில கதைக்க வேண்டியதாப் போச்சு. சிங்களத்துல முழுக் கதையும் சொன்னாரு, மகன் கொரியாவுலயாம், ஊட்டுக்கு டைல்ஸ் போட்டாச்சாம், மருமகள் கொஞ்சம் வாய் கூடவாம். எனக்கு பதில் சொல்ல மூச்சு இல்ல, ஹ்ம் ஹ்ம் எண்டுட்டு வாறேன். இது எவ்வளவு எண்டு சைக்கிளக் காட்டி கேட்டாரு. 2022 பெற்றோல் லைன் காலத்துல வாங்கினது எண்டேன். அது ஒரு பதிலா? ஆனா அவரு ஆஆ பெற்றோல் லைன் எண்டுட்டு தலைய ஆட்டினாரு, ஏதோ விளங்கின மாதிரி. எறங்கி நடந்திருந்தா அவர விட வேகமா போயிருப்பேன், ஆனா சைக்கிள விட்டு எறங்க மனசு வரல்ல. இப்பயும் அந்த ஏத்தத்துக்குப் போனா அந்த மருமகள் என்னத்த செஞ்சாவோ எண்டுதான் யோசன வரும்.

கோட்டே அண்ணா:

வெள்ளவத்தைத் தம்பி, ஹப் சத்தத்தால ஒண்ணும் ஆகாது. தோட்டப் பக்கம் குளவின்னு சொல்றதுல பாதி அந்தப் பெரிய மலைத் தேனீதான், பாறையிலயும் உயரமான மரத்துலயும் கூடு கட்டும். அதுக்கு அசைவும் அதிர்வும்தான் பிரச்சினை, பருந்து கூட்டுல கொத்தினாலும் கிளம்பும். நீங்க நின்னது சரி, ஆனா அது மேலால பறந்து போகும்போது மட்டும்தான் சரி. குத்தத் தொடங்கிட்டா நிக்கவே கூடாது, சைக்கிளப் போட்டுட்டு முகத்த மூடிக்கிட்டு ஓடணும், கையை வீசக்கூடாது, அடிச்சுக் கொல்லவும் கூடாது, ஏன்னா தேனீ குத்தின இடத்துல இருந்து ஒரு வாசம் வரும், அந்த வாசத்துக்கு மத்ததும் அங்கயே வந்து குத்தும். தண்ணிக்குள்ள குதிக்கிறதும் வேலைக்கு ஆகாது, மேலயே சுத்திக்கிட்டு நிக்கும். கொடுக்கு தோல்ல நின்னா நகத்தால உடனே சுரண்டி எடுங்க. மூச்சுத் திணறினா, நாக்கு உதடு வீங்கினா வீட்டு வைத்தியம் ஒண்ணும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி.

இதோட இன்னொண்ணும் சொல்றேன், இங்க பாதிப் பேர் கொழும்பு வெக்கைல மூணு நாலு மணித்தியாலம் வெறும் தண்ணிய மட்டும் குடிச்சிட்டு ஓட்டுறீங்க, வேர்வைல போறது உப்பு, நீங்க தண்ணியக் கூட்டக் கூட்ட ரத்தத்துல சோடியம் இன்னும் குறையும், தலையிடிக்கும், வாந்தி வரும், அப்பவும் தண்ணி போதலன்னு நினைச்சு இன்னும் குடிப்பீங்க. தம்பிலி, அதான் செவ்விளநீர், நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம்தான் கூட, சோடியம் கம்மி. வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற உப்புச் சீனித் தூள் ஜீவனி ஒரு பக்கெட் ஒரு லீட்டர் தண்ணில கரைச்சா மலிவா வேலை முடியும். அப்புறம் பிரேக் பேட். மலைநாட்டு மழைச் சேத்துல ரெசின் (பிசின்) பேட் ஒரே நாள்ல இரும்பு தெரியிற அளவுக்குத் தேயும், நான் பாத்திருக்கேன், நாலு நாள் ரேஸ்னா சின்டர்ட், அதான் உலோகத் தூள்ல செஞ்ச பேட், போடுங்க, எதுக்கும் ஒரு ஜோடி பையில வச்சுக்கோங்க, அங்க மேல எந்தக் கடைலயும் கிடைக்காது. பின் கியரத் தாங்குற சின்னத் துண்டு, கியர் ஹேங்கரும் அப்பிடித்தான், ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு அளவு, இப்பவே ஓடர் பண்ணி வைங்க.

எனக்கு ஒருக்கா ஓஹிய பக்கம் சிறுத்தை. விடியக்காலை, பாதைய குறுக்கால கடந்து போச்சு. அவ்வளவுதான்.

தெஹிவள 32 பல்லு:

அண்ணே சிறுத்தைய ஒரு வரியில முடிச்சிட்டு பிரேக் பேட்டுக்கு ஒரு பந்தியா?

பம்பலப்பிட்டிக் காத்து:

என்னோடது மலையிலயே இல்ல, இங்கதான், பிலியந்தலை ரோட்ல. ஒஃபிஸுக்கு முதல் ட்ரெய்னிங் முடிக்கணும்னா விடிய முன்னமே இறங்கியே ஆகணும், கொழும்புல ஏத்தமும் இல்ல, போல்கொட பக்கம் போனாத்தான் கொஞ்சமாவது மண் ரோடு. தெஹிவளை தாண்டினதுல இருந்து பின்னால ஒரு த்ரீவீலர். முந்திப் போகல. ஹோன் அடிக்கல. ஒரு ஹெட்லைட் மட்டும்தான் எரியுது, அந்த வெளிச்சத்துல என்ட நிழல் எனக்கு முன்னால ரோட்ல நீளமா விழுந்து கிடக்கு, நான் மெதுவாக்கினா நிழலும் குட்டையாகல, அப்ப அவனும் மெதுவாக்குறான். நான் வேகமாப் போனா அவனும். அன்னைக்குப் போன வேகத்துல நான் இதுவரைக்கும் எந்த ரேஸ்லயும் போனதில்ல. பிலியந்தலைச் சந்தியில பேக்கரி திறந்து லைட் எல்லாம் எரியுது, பாண் வேன்ல ஆக்கள் ஏத்திக்கிட்டு இருக்காங்க. நான் அங்க நிப்பாட்டினேன். அவன் என்னைப் பாத்தான், வயசான ஆள், ஸ்வெட்டர் போட்டு காதுக்கு மஃப்ளர் சுத்தியிருந்தான். ஒண்ணும் சொல்லல, யூ டேர்ன் போட்டு வந்த வழிக்கே போய்ட்டான்.

துரத்தினானா, இல்ல இருட்டுல ஒரு பிள்ளை தனியாப் போகுதுன்னு துணைக்கு வந்தானா? வீட்ல சொன்னா சைக்கிளையே பூட்டி வச்சிருவாங்க, அதனால யாருட்டயும் கேக்கவும் இல்ல. ரெண்டு பதிலும் எனக்குச் சரியா வருது, அதுதான் பிரச்சினை.

கோட்டே அண்ணா:

தங்கச்சி, முதல்ல தனியா அந்த நேரத்துல போறத நிப்பாட்டணும். குறைஞ்சது மூணு பேர். முன் லைட் விட்டு விட்டு எரியிறது வேணாம், நிலையா எரியணும், பின் லைட் சிவப்பு, ஹெல்மெட்லயும் ஒண்ணு, கணுக்கால்ல பளபளக்கிற பட்டி கட்டினா கால் ஆடும்போது தூரத்துலயே தெரியும், போன்ல லொகேஷன் ஷெயார் போட்டு வைக்கணும், அப்புறம் ரூட்ட ஒவ்வொரு நாளும் மாத்தணும், ஸ்ட்ராவால வீடு இருக்கிற இடத்த மறைச்சு வைக்கணும், இதெல்லாம் நான் என்ட மகளுக்கும் சொல்றதுதான்

பம்பலப்பிட்டிக் காத்து:

அண்ணா, மூணு பேர் சேரட்டும்னு இருந்தா ரேஸ் முடிஞ்சு அடுத்த வருசமும் வந்திரும். லைட் இருக்கு. பட்டி இருக்கு. நான் வழி கேக்கல, நடந்ததச் சொன்னேன்.

கொட்டாஞ்சேனை கொழுந்து:

நான் பொறந்ததே தோட்டத்து லயத்துல, அதனால வெள்ளவத்தை அண்ணனுக்கு ஒண்ணு சொல்லிட்டு என் கதைக்கு வர்றேன். அந்த அக்கா சிரிச்சது உங்கள குத்திக்காட்ட இல்லண்ணே. காசு கட்டி கஷ்டப்படுறவன யாரா இருந்தாலும் எங்காளுங்க சிரிப்பாங்க, லொத்தர் வாங்குறவனையும் அப்பிடித்தான் சிரிப்பாங்க. குளவிக்குள்ள உங்கள நிப்பாட்டினத விட்டுட்டு சிரிச்சத பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. அவங்க அன்னைக்கு கொழுந்து நிறை கொறைஞ்சா முழு நாள் பேர் போட மாட்டாங்களேன்னு யோசிச்சுக்கிட்டு போயிருப்பாங்க, நீங்க அவங்க ஞாபகத்துலயே இல்ல.

சரி. போன ரேஸ், மூணாம் நாள். ராத்திரி ரூட்ட காட்டினப்பவே பாத்துட்டேன், எங்க அம்மாயி இருந்த லயத்துக்குப் பின்னாலயே போகுது. பார்ட்னர்கிட்ட கூட சொல்லல. அம்மாயி இப்ப இல்ல, வீட்ல வேற ஆளுங்க. மழை விட்டு விட்டுப் பெய்யுது, களி மண்ணு, டயர்ல அப்பி சில்லு சுத்தாம எல்லாரும் தள்ளிக்கிட்டு ஏறுறோம். பிள்ளைங்க ரெண்டு பக்கமும் நின்னு கை தட்டுது, வெள்ளக்காரன் வந்தா பாய் பாய்ன்னு கத்துது. என் மூஞ்சி முழுக்க சேறு, கண்ணாடி, ஹெல்மெட், என்னப் பெத்தவங்களுக்கே தெரியாது. ஒரு கெழவி குடைய பிடிச்சுக்கிட்டு நடுப் பாதைல நிக்குது. நான் ஒதுங்கப் போனா ஹேண்டில்பார எட்டிப் பிடிச்சிருச்சு.

"பேச்சி பேரனாடா நீ?"

எப்பிடித் தெரியும்னு கேட்டேன். "நடைய பாத்தா தெரியாதா, உங்க தாத்தன் மாதிரியே ஒரு பக்கமா சாஞ்சு நடக்குற." பின்னால ரெண்டு பேர் வழி விடச் சொல்லி ட்ரெக் ட்ரெக்ன்னு கத்துறாங்க, இந்தம்மா திரும்பி "இருங்கடா, எங்க ஓடுது மலை"ன்னு சொல்லிட்டு என்கிட்ட கேக்குது, "பஸ்சுக்கு காசு இல்லையா, ஏன் இந்த மழைல இதத் தள்ளிக்கிட்டு வர்ற?" கையோ பிரேக் லீவர்லயே இருக்கு, தோலெல்லாம் சுருங்கி, ஆனா பிடினா பிடி, நான் தள்ளினாலும் சில்லு அசையல. ரூமுக்கு வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன்னுச்சு. அடுத்த செக்பாயின்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய கட்ஓஃப் நேரம் கிட்ட வந்திருச்சு. இல்ல பாட்டி, திரும்பி வரும்போது வர்றேன்னேன்.

"இது திரும்பி வர்ற பாதையா?"

ஒரு எடத்துல தொடங்கி இன்னொரு எடத்துல முடியிற பாயின்ட் டு பாயின்ட் ரேஸ் அது. அந்தம்மாவுக்கு எப்பிடித் தெரியும்னு கேக்காதீங்க. பிரேக்க விட்டுட்டு ஒதுங்கி நின்னுச்சு, நான் ஏறிப் போய்ட்டேன். நாலு நாளும் முடிச்சேன், மெடல் கொட்டாஞ்சேனை வீட்ல ஆணில தொங்குது.

இன்னொண்ணு, எல்லாருக்கும்தான். ஸ்ட்ராவா கோடு காட்டுதுன்னு புதுசா கன்னு நட்ட மலைல குறுக்கால இறக்காதீங்க. ஒரு டயர் தடத்துல மழைத் தண்ணி பிடிச்சு ஓடினா வரிசையே போயிரும், அந்தக் கணக்கு உங்க தலைல விழாது.

ராஜகிரிய சில்லு:

பாட்டி கதை நல்லா இருக்கு, ஆனா டீம்னா டீம். தென்னாபிரிக்காவுல கேப் எபிக்னு மலை சைக்கிள் ரேஸ் 2004ல இருந்து நடக்குது, எட்டு நாள், ரெண்டு பேர் டீம், ஒருத்தருக்கொருத்தர் ரெண்டு நிமிசத்துக்கு மேல விலகினா தண்டனை. ஒருத்தன் மேல காத்து நிக்கும்போது மத்தவன் கதைச்சிட்டு இருக்க ஏலாது. என்ட பார்ட்னர் ஒருக்கா கடையில ஃபோன் சார்ஜ் போட்டுட்டு இருந்தான், நான் அட்டைக் காட்டுக்குள்ள நின்னு சவர்க்காரத்த கால்ல தேய்ச்சுக்கிட்டு நிக்கிறேன், சொக்ஸ கழட்டினா ரத்தம். அன்னைக்கு அவனோட முடிச்சவன்தான், இப்ப தனியாத்தான் பதியிறது.

கொட்டாஞ்சேனை கொழுந்து:

என் பார்ட்னர் மேல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். நான் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, தேத்தண்ணிக்குப் போகலையான்னு. அவனுக்குப் பசி.

வெள்ளவத்தைப் பெடியன்:

கொழுந்தண்ணை சொன்னது விளங்குது. எண்டாலும் தொகையைச் சொல்லியிருக்கலாமோ எண்டுதான் இன்னும் ஓடுது, சொல்லியிருந்தா அவ என்ன கேட்டிருப்பா எண்டு. சரி விடுங்கோ. ஞாயிறு லபுகம பக்கம் போறம், ஆர் வாறியள்? ஆரிட்டயாவது சின்டர்ட் பிறேக் பட் மிச்சம் கிடந்தா கொண்டு வாங்கோ, காசு தாறன்.

தெஹிவள 32 பல்லு:

நான் ஈக்கிறேன். பாலத்துகிட்ட நாலே முக்காலுக்கு. ரோல்ஸ் வழியில வாங்குவோம்.

பம்பலப்பிட்டிக் காத்து:

நாலே முக்காலுக்கு நானும் வர்றேன். பாலம் வரைக்கும் தனியாத்தான்.

கோட்டே அண்ணா:

லைட் சார்ஜ் போட்டீங்களா

பம்பலப்பிட்டிக் காத்து:

போட்டாச்சு அண்ணா.